கீரையின் பசுமையும் பசளையின் அளவும்

உழவர் நிலத்துக்கு இடுகின்ற உணவைக் குறிக்கத் தமிழிலே மூன்று சொற்கள் வழங்குகின்றன. எரு என்பது ஒன்று. உரம் என்பது மற்றொன்று. பசளை என்பது ஈழத்தவர்க்குப் பழகிய மூன்றாவது. எரு என்றதும் மாட்டுப்பட்டியும் சாணக் குவியலும் நினைவுக்கு வரும். உரம் என்னுஞ் சொல்லுக்கு வலிமை, அறிவு, மார்பு என்னும் பொருள்களும் உண்டு. பசளை என்றால் எமக்குக் காய்ந்த சாணமும் அடங்கும். யூரியாப் பையும் அடங்கும். தமிழ்நாட்டு அன்பர் ஒருவரிடம் "பசளை வாங்கி வந்தேன்" என்று சொன்னால் அவர் ஒரு கட்டுக் கீரையை எதிர்பார்ப்பார். அங்கே பசளை என்பது கொடிக்கீரை ஒன்றின் பெயர். நாம் அதனைப் பசளி என்போம். கீரைக்கும் அதன் உணவுக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இங்கு நாம் ஆராயப் புகுந்த கேள்வி அப்பெயருள்ளே அடங்கிக் கிடக்கின்றது. பசளையிலே நாம் செய்யுந் தெரிவு கீரையின் உள்ளே எதனை மாற்றுகின்றது?

இக்கேள்வி கமக்காரருக்கு மட்டும் உரியதன்று. வயிற்றை நிரப்புவதற்காக எவரும் கீரை உண்பதில்லை. அதற்குச் சோறு இருக்கின்றது. கீரையை நாம் உண்பது அதனுள்ளே சிற்றளவாகச் செறிந்திருக்கும் சில பொருள்களுக்காக. அப்பொருள்கள் குறைந்துபோன கீரை பெயரளவிலே கீரை. சந்தையிலோ கட்டின் பருமனையும் இலையின் நிறத்தையும் பார்த்தே விலை பேசுகின்றோம். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்ணுக்குப் புலப்படும் ஒன்றால் அளந்து வாங்குகின்றோம். இவ்விரண்டும் எப்போதும் ஒத்துச் செல்வன அல்ல என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குப்பைக்கீரையும் குறளும்

கீரையின் முதற் பாத்தி குப்பைமேடு. சிறுபாணாற்றுப்படையிலே, பசியால் வாடிய கிணைமகள் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளிவந்து, உப்புமின்றி அவித்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்ற காட்சியைப் படிக்கின்றோம். அது வறுமையின் உச்சத்தைக் காட்ட வந்த இடம். ஆயினும் கீரை எங்கே தானாக முளைக்கும் என்பதையும் அது போகிற போக்கிலே காட்டிச் செல்கின்றது. வீட்டுக் கழிவும் சாம்பலும் சாணமும் மக்கிய இடம் அது.

இனி, எருவைப் பற்றி வள்ளுவர் கூறியவற்றை நோக்குவோம். உழவு அதிகாரத்திலே அடுத்தடுத்து இரண்டு குறள்கள் உள்ளன. ஒரு பலம் புழுதி காற்பலமாக வற்றும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இன்றியே பயிர் செழிக்கும் என்பது ஒன்றன் கருத்து. உழுதலினும் எருவிடுதல் நன்று என்பது அடுத்ததன் முற்பகுதி. ஒன்று எருவே வேண்டாம் என்கின்றது. மற்றொன்று எருவே மேலானது என்கின்றது. இது முரண் அன்றோ என்று வகுப்பிலே மாணவர் கேட்பதுண்டு. முரண் இல்லை. முன்னையது மண்ணின் நிலையைக் கூறிற்று. பின்னையது எருவின் பயனைக் கூறிற்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, மண்ணின் நிலை அறிந்து, வேண்டுமளவே எரு இடத்தக்கது என்பது விளங்கும். நவீன வேளாண் இரசாயனம் பெரும் ஆய்வுகளின் பின்னர் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய இதுவே.

இலை தன்னைக் காக்கும் வகை

மாடு துரத்தினால் மனிதன் ஓடுகின்றான். செடி ஓடாது. புழு கடித்தாலும், பூஞ்சணம் பற்றினாலும், வெயில் எரித்தாலும் நின்ற இடத்தில் நின்றே அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்காக இலையிலே பலவகைப் பொருள்களை அது ஆக்கிக்கொள்கின்றது. துவர்ப்பவை சில, கைப்பவை சில, காரமானவை சில. துவர்ப்புந் துவர்ப்பைச் சார்ந்தனவுமாகிய பல பொருள்களைப் பீனோல் வகை என்பர். பிளேவனொயிட்டுகள் அதன் பெருங் கிளை. வல்லாரையின் மருத்துவப் புகழுக்குக் காரணமானவை சப்போனின் வகையைச் சேர்ந்தவை. கடுகு, முள்ளங்கி, கோவா ஆகியவற்றின் காரம் குளுக்கோசினோலேற்று என்னும் பொருள்களிலிருந்து பிறப்பது. எம் வேலிதோறும் நிற்கும் முருங்கையிலும் அவ்வினப் பொருள்கள் உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

இவை செடி உயிர்வாழ்தற்கு இன்றியமையாதன அல்ல. பச்சையமும் புரதமுமே அதற்கு இன்றியமையாதன. வீட்டுக்குச் சுவரும் கூரையும் போலப் பின்னவை. வேலியும் காவலும் போல முன்னவை. பூச்சிக்குப் பகையான அக்காவற் பொருள்களுட் பல சிற்றளவில் எம் உடலுக்கு நன்மை செய்வன. அவற்றோடு உயிர்ச்சத்து சீயும், உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோற்றீனும், இரும்பும் கல்சியமும் சேர்ந்தே கீரைக்குக் கீரை என்னும் மதிப்பைக் கொடுக்கின்றன.

செடியின் வரவுசெலவு

ஒரு குடும்பத்தின் வரவுசெலவு போன்றதே செடியின் வாழ்வும். அதற்கு இரண்டு வருவாய்கள் உண்டு. வெயிலின் துணையால் இலை காற்றிலிருந்து காபனைப் பெறுகின்றது. வேர் மண்ணிலிருந்து நைதரசனையும் பிற உப்புகளையும் பெறுகின்றது. புதிய இலை கட்டுவதற்குப் புரதம் வேண்டும். புரதத்துக்கு நைதரசன் வேண்டும். பீனோல் வகைப் பொருள்களுக்கோ காபனும் ஐதரசனும் ஒட்சிசனுமே பெரும்பாலும் போதும்.

மண்ணிலே நைதரசன் அருகியிருந்தால் என்ன நிகழும்? புது இலை கட்டும் வேலை தளரும். ஆயினும் வெயில் இருக்கின்றது; காபன் வருவாய் அவ்வளவாகக் குறைவதில்லை. செலவழிக்க வழியின்றி மிஞ்சிய காபன் காவற் பொருள்களுக்குச் செல்கின்றது. நைதரசன் பெருகினாலோ, வந்த காபன் அனைத்தையும் வளர்ச்சியே வாங்கிக்கொள்கின்றது. பீனைலலனீன் என்னும் அமினோ அமிலம் இவ்விரு வழிகளும் பிரியுஞ் சந்தி. அதிலிருந்து புரதமும் ஆகலாம், பீனோலும் ஆகலாம். வேகமாக வளருஞ் செடி அதனைப் புரதத்துக்கே இழுத்துக்கொள்ளும்.

பிறையன்ற், சேப்பின், கிளைன் ஆகிய மூவர் 1983ஆம் ஆண்டிலே இக்கருத்தை ஒரு கொள்கையாக வகுத்தனர். ஏர்ம்சு, மற்சன் என்னும் இருவர் 1992இல் அதனை விரித்து, வளர்வதா காப்பதா என்னும் இருதலைச் சிக்கலாக விளக்கினர். எல்லாச் செடிக்கும் எல்லாப் பொருளுக்கும் இது பொருந்துவதில்லை என்று பின்வந்தோர் காட்டியதுண்டு. ஆயினும் கீரைவகைகளிற் கண்ட பல மாற்றங்களை விளங்கிக்கொள்ள இது நல்ல வழிகாட்டி. நைதரசன் பசளைக்கும் உயிர்ச்சத்துகளுக்கும் உள்ள தொடர்பு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 1993இலே தொகுத்தாராய்ந்த மொசாபர், மிகையான நைதரசனால் உயிர்ச்சத்து சீ குறைவதும் கரோற்றீன் கூடுவதுமே பொதுப்போக்கு என்று கண்டார். திருநீற்றுப்பச்சை இனமாகிய இனிப்புத் துளசியிலே 2008இல் நிகழ்ந்த ஓர் ஆய்வும், நைதரசன் குறைந்த செடிகளிலேயே பீனோல் மிகுந்திருந்ததைக் காட்டிற்று.

வல்லாரை சொல்லும் கணக்கு

எமக்கு அண்மையான ஓர் எடுத்துக்காட்டு வல்லாரை. தமிழர் சம்பலாகவும் சிங்களவர் கொட்டுகொல என்னும் பெயரோடு சுண்டலாகவும் கஞ்சியாகவும் உண்ணும் இக்கீரை இந்நாடு முழுவதற்கும் பொது. இதனை ஜேர்மனியிலுள்ள பொன் பல்கலைக்கழக ஆய்வாளர் எடுத்துக்கொண்டு, நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றை வெவ்வேறளவில் ஊட்டி வளர்த்துப் பார்த்தனர். 2013இலே வெளிவந்த அவ்வாய்வின் முடிவு வரவுசெலவுக் கணக்கோடு ஒத்திருந்தது. ஊட்டம் மிக மிக இலை விளைச்சல் பெருகிற்று. வல்லாரையின் சிறப்புப் பொருளாகிய சப்போனின்களின் செறிவோ குறைந்தது.

இங்கே செறிவு என்னுஞ் சொல்லை ஊன்றி நோக்கவேண்டும். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். இவை அளந்த எண்கள் அல்ல, கற்பனை எண்களே. ஊட்டங் குறைந்த பாத்தியில் 100 இலை; இலைக்குப் 10 பங்கு மருந்துப்பொருள்; ஆக 1000 பங்கு. ஊட்டம் மிகுந்த பாத்தியில் 160 இலை; இலைக்கு 7 பங்கு; ஆக 1120 பங்கு. பாத்தியை நோக்கினால் மருந்துப்பொருள் கூடியிருக்கின்றது. இலையை நோக்கினால் குறைந்திருக்கின்றது. தோட்டக்காரர் பாத்தியை விற்கின்றார்; நாம் இலையை உண்கின்றோம். ஒரு பிடி வல்லாரையிலே 10 பங்கை எதிர்பார்த்தவருக்கு 7 பங்குதான் கிடைக்கின்றது. விற்பவருக்கோ 60 இலை ஊதியம்.

இதனால் தோட்டக்காரரைக் குறை கூறுவது நியாயமாகாது. கட்டின் பருமனுக்கு விலை கொடுப்பவர் நாமே. கரும்பச்சை இலையைக் கண்டு கைநீட்டுபவரும் நாமே. கரும்பச்சை நைதரசனின் நிறம். நெல்வயலிலே இலையின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு நைதரசன் போதுமா என்று அறிகின்ற முறை இருப்பதும் அதனாலேயே. இலையின் துவர்ப்பையும் கைப்பையும் அளக்கும் அட்டை எதுவும் சந்தையில் இல்லை.

நைத்திரேற்று என்னும் மிச்சம்

மிகுந்த நைதரசனால் நேருவது குறைவு மட்டுமன்று. ஒரு மிகையும் உண்டு. வேர் உறிஞ்சிய நைதரசனிற் பெரும்பகுதி நைத்திரேற்றாகவே இலைக்கு ஏறுகின்றது. அங்கே நொதியம் ஒன்று அதனை வெயிலின் வலுவைக் கொண்டு மாற்றிப் புரதத்துக்கு வழி செய்கின்றது. வருவது மாற்றத்தக்க அளவைக் கடந்தால், மாற்றப்படாத நைத்திரேற்று இலையிலே, சிறப்பாகக் காம்பிலும் நரம்பிலும், தேங்கிவிடும். முகில் மூடிய நாளிலும் நிழலிலும் இது கூடும். முளைக்கீரை இனமும் பசளைக்கு மேற்கிலே நிகராகச் சொல்லப்படும் ஸ்பினாச்சும் இவ்வாறு சேமித்துவைக்கும் இயல்பு உடையன.

உண்ட நைத்திரேற்றில் ஒரு பகுதி வாயிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரைற்றாகின்றது. இரத்தக் குழாய்களை நெகிழ்த்தி இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் நற்பணி அதற்கு உண்டு. வயிற்றிலே சில புரதச் சிதைவுகளோடு கூடி நைதரோசமீன் என்னும் தீய பொருளாக மாறும் இயல்பும் அதற்கு உண்டு. இத்தீய மாற்றத்தைத் தடுப்பது எது? உயிர்ச்சத்து சீ. ஆகவே, நைத்திரேற்றைக் கூட்டி, அதே வேளையில் உயிர்ச்சத்து சீயைக் குறைக்கும் பசளையளவு, பகையை அழைத்துவிட்டுக் காவலனை அனுப்பிவிடுவதற்கு ஒப்பாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் பச்சை ஸ்பினாச்சு ஒரு கிலோகிராமில் 3500 மில்லிகிராம் நைத்திரேற்றையே உச்ச எல்லையாக வகுத்துள்ளது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3.7 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 74 மில்லிகிராம். இவ்வெண்களைக் கண்டு கீரையை ஒதுக்குவது பெரும் பிழை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் இதனை ஆராய்ந்து, மரக்கறி உண்பதன் நன்மையே மேலோங்கும் என்று முடிவு கூறிற்று. சத்துக் குறைந்த கீரையும் கீரையில்லாத தட்டினும் மேலானது. ஆயினும் தவிர்க்கத்தக்க மிகையைத் தவிர்ப்பதிலே என்ன நட்டம்?

யாழ்ப்பாணத்தவர்க்கு இதிலே மற்றொரு கவலையும் உண்டு. எமது செம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணக்கல். துளையும் வெடிப்பும் நிறைந்த அக்கல்லின் ஊடாக, பயிர் எடுக்காது விட்ட நைத்திரேற்று மழைநீரோடு இறங்கிக் கிணற்றைச் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை. புட்டிப்பால் உண்ணுங் கைக்குழந்தைகளை முன்னிட்டு வகுத்தது அது. தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றிலே இவ்வெல்லை கடந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அக்கிணற்று நீரையே மீண்டும் கீரைப் பாத்திக்கு இறைக்கின்றோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் கொண்ட நீரில் 1000 லீற்றர் இறைத்தால், ஏறக்குறைய 25 கிராம் யூரியாவிலுள்ள அளவு நைதரசன் அந்நீரோடு பாத்திக்குச் செல்கின்றது. அதனை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. கணக்கிற் சேராத பசளையின் மேல் கணக்கிற் சேர்ந்த பசளை விழுகின்றது.

கூடுவனவும் உண்டு

நைதரசனையே குற்றவாளியாக்கிக் கூண்டில் நிறுத்துவதும் நேர்மையன்று. நைதரசன் போதாத கீரை வெளிறும், விரைவில் முற்றும், நார்ப்படும். கரோற்றீன் பச்சையத்தோடு சேர்ந்தே இலையில் அமைவது. பச்சையம் குறைந்தால் அதுவும் குறையும். பார்வைக்கு வேண்டும் உயிர்ச்சத்து ஏயை இலைவகைகளிலிருந்தே பெறும் ஏழைக் குழந்தைக்கு வெளிறிய கீரையால் வரும் இழப்பு சிறிதன்று. நைதரசன் கூடுதலாற் சில பொருள்கள் கூடும், சில குறையும். ஆகவே பட்டினியும் தீர்வன்று, திகட்டலும் தீர்வன்று.

பசளையின் இனமும் இங்கே பொருளுடையதாகின்றது. குளுக்கோசினோலேற்றுகளைக் கட்டுவதற்குக் கந்தகம் வேண்டும். யூரியாவிலே 100க்கு 46 பங்கு நைதரசன். கந்தகம் சிறிதும் இல்லை. அமோனியம் சல்பேற்றிலே 100க்கு 21 பங்கு நைதரசனும் 24 பங்கு கந்தகமும் உண்டு. கந்தகம் அருகிய மண்ணிலே யூரியாவை மட்டும் கொட்டி வளர்த்த முள்ளங்கி இலையும் கடுகிலையும் உருவிற் பெருத்துக் காரத்திற் சிறுக்கும். அடுப்புச் சாம்பல் பொற்றாசியம் தரும், நைதரசன் தராது. எதைக் கொடுத்தோம் என்பதோடு எதைக் கொடாது விட்டோம் என்பதும் இலையிலே எழுதப்பட்டுவிடுகின்றது.

சாணமா, யூரியாவா?

இனி, பலரும் முதலிலேயே கேட்க விரும்பிய கேள்விக்கு வருவோம். இயற்கைப் பசளையா, செயற்கைப் பசளையா? ஜேர்மானியராகிய லீபிக் 1840இலே பயிரின் உணவு மண்ணிலுள்ள கனிப்பொருள்களே என்று வாதிட்டார். ஏபர் 1909இலே காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். பொஷ் என்பவரின் திறத்தால் 1913இலே அதற்கு ஆலை எழுந்தது. அந்நாள் தொடங்கி எழுந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்நாட்டிலே அவ்வழக்கு அரச ஆணையாகவே வந்து போயிற்று. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மாற்று ஆயத்தம் போதாமையால் விளைச்சல் வீழ்ந்தது; கமக்காரர் வீதிக்கு வந்தனர்; அவ்வாண்டு முடியுமுன்னரே தடை கைவிடப்பட்டது. ஒரு நல்ல சொல்லைக் கட்டளையாக மாற்றினால் அது மண்ணிலே முளைப்பதில்லை என்பதற்கு அது சான்று.

அறிஞர் உலகிலும் இருவேறு தீர்ப்புகள் உள்ளன. டாங்கூர் என்பவரும் அவர் குழுவினரும் 50 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து, இருவகை விளைபொருள்களுக்கும் பெரும்பாலான சத்துகளிலே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009இல் எழுதினர். பறான்ஸ்கி குழுவினர் 343 ஆய்வுக்கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, இயற்கை முறைப் பயிரிலே பீனோலிக் அமிலங்கள் 100க்கு 19 பங்கும் பிளேவனோல்கள் 50 பங்கும் கூடுதல் என்றும், நைத்திரேற்றும் கட்மியமும் குறைவு என்றும் 2014இல் எழுதினர். முன்னவர் உயிர்ச்சத்து, கனியுப்பு முதலிய பழைய பட்டியலையே பெரிதும் நோக்கினர். பின்னவர் காவற் பொருள்களைத் துருவி நோக்கினர். நோக்கிய பொருள் வேறானால் கண்ட முடிவும் வேறாதல் இயல்பே.

இவ்வேறுபாடு சாணத்தின் புனிதத்தால் வந்ததன்று. காய்ந்த சாணத்திலே நைதரசன் 100க்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே. அதுவும் நுண்ணுயிர்கள் மக்கச் செய்யச் செய்ய மெல்ல மெல்ல வெளிவருவது. யூரியா சில நாட்களிலேயே கரைந்து மாறி வேரின் வாயிற்படியில் வந்து நிற்கின்றது. ஒன்று நாட்கூலி, மற்றொன்று ஒரே நாளிற் கைக்கு வந்த பெருஞ் செல்வம். நாட்கூலிக்காரன் அளந்து செலவழிப்பான். திடீர்ச் செல்வன் ஆடம்பரஞ் செய்வான். செடியும் அப்படியே.

இது வெறும் உவமையன்று. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலே 10 ஆண்டுகள் நடந்த தக்காளி ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. இயற்கை முறைத் தக்காளியிலே குவர்சிற்றின் என்னும் பிளேவனொயிட்டு 100க்கு 79 பங்கு கூடுதல் என்று அது காட்டிற்று. இயற்கைப் பாத்திகளிலும் ஆண்டு செல்லச் செல்லவே அப்பொருள் ஏறிற்று. மண் வளம் பெற்றபின் இடும் எருவின் அளவைக் குறைத்தமையும் அந்த ஏற்றத்தோடு ஒத்துச் சென்றது. அது கீரையன்று, கனி. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் கீரைக்கும் ஆகும். பெயர்ப்பலகை இயற்கை என்றிருந்தாலும் அளவு மிஞ்சினாற் பயன் குறையும். கோழியெருவைக் குவித்துப் போட்டு வளர்த்த கீரை யூரியாக் கீரைக்குத் தங்கையே.

அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்திலே 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னுஞ் சுவையானது. மூன்று இலைவகைகளை இருமுறையிலும் பயிரிட்டனர். சலாது இலையிலும் கொலாட் என்னும் கோவா இனத்திலும் பீனோல் அளவில் வேறுபாடு இல்லை. பக்சோய் என்னும் சீனக் கோவாவில் மட்டும் இயற்கை முறையில் பீனோல் கூடியிருந்தது. அப்பாத்தியை வண்டுகள் மிகுதியாகக் கடித்திருந்தன. அதனை எதிர்க்கவே செடி காவற் பொருளைப் பெருக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். சிறிது ஓட்டை விழுந்த இலையைக் கண்டு முகஞ்சுளிக்கும் எம்மவர் இதனைச் சிந்திப்பாராக.

செய்யத்தக்கன

எம் முன்னோர் பனையோலையை மண்ணிற் புதைத்தனர். பூவரசங் குழையையும் காவிளாயையும் தோட்டத்திலே தாழ்த்தனர். ஆட்டையும் மாட்டையும் இரவிற் பட்டி அடைத்தனர். இவை யாவும் மெல்லக் கொடுக்கும் முறைகள். மண்ணிலே மக்கற் பொருளைச் சேர்த்து ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைக்கும் முறைகள். இன்று அவற்றை மட்டுங் கொண்டு சந்தைக்குப் பயிர் செய்தல் எல்லார்க்கும் இயலாது. இரண்டையும் இணைத்தல் இயலும். மக்கிய எருவை அடியுணவாக இட்டு, யூரியா வேண்டுமாயின் ஒரேயடியாக இடாது சிறிது சிறிதாகப் பிரித்து இட்டு, பறிப்புக்கு முந்திய நாட்களில் அதனை நிறுத்திக்கொள்ளலாம். பச்சைச் சாணத்தைக் கீரைமேல் இடுதல் ஆகாது. வல்லாரையை நாம் பச்சையாகவே அரைத்து உண்கின்றோம். மக்காத சாணத்திலுள்ள கிருமிகள் அதனோடு தட்டுக்கு வரும்.

வீட்டுத் தோட்டம் உடையவர் விடியுமுன் பறியாது, வெயில் சிறிது நேரம் பட்டபின் மதியச் சமையலுக்குப் பறிப்பாராயின் நைத்திரேற்றுக் குறைந்திருக்கும். முற்றிய தடித்த காம்பை நீக்கலாம். சந்தையில் வாங்குவோர் மிகப் பருத்த கட்டை விட்டு, நடுத்தரமான இலையுடைய கட்டை எடுக்கலாம். வாங்குவோர் கண் மாறினாலன்றித் தோட்டக்காரர் கை மாறாது.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலைத் தோட்டத்திலே மூன்று பாத்திகளில் ஒரே கீரையை விதைப்பியுங்கள். ஒன்றுக்கு எதுவும் வேண்டாம்; ஒன்றுக்கு மக்கிய எரு; ஒன்றுக்கு யூரியா. முதிர்ந்தபின் ஒவ்வொரு பாத்தியின் விளைச்சலையும் மாணவரைக் கொண்டே நிறுக்கச் செய்யுங்கள். பின்னர் சம நிறையுள்ள இலைகளை எடுத்து, சம அளவு நீரிலே உடனே அரைத்து வடித்து, சிறிது மாப்பொருட் கரைசல் சேர்த்து, அயடீன் கரைசலைத் துளித்துளியாக விடச் செய்யுங்கள். கருநீலம் நிலைத்து நிற்பதற்கு எத்தனை துளி சென்றது என்று எண்ணட்டும். துளி கூடக்கூட உயிர்ச்சத்து சீ கூடுதல் என்று கொள்ளலாம். நுட்பமான அளவையன்று இது; ஆயினும் மூன்று பாத்திகளை ஒப்பிட இது போதும். நிறுத்த எண்ணும் துளியின் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதப்படும்போது, பருமன் வேறு பயன் வேறு என்பதை மாணவர் தாமே காண்பர். முடிவு நாம் எதிர்பார்த்தவாறு அமையாவிட்டாலும் நன்றே. ஏன் அமையவில்லை என்று மண்ணையும் கிணற்று நீரையும் அவர்கள் ஆராயத் தொடங்குவர்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மருந்தின் பெயரைச் சொல்லாது, உண்ணும் அளவையே பெரிதும் சொன்னார். உண்பவனுக்கு விதித்த அவ்வளவைச் செடிக்கும் நாம் விதித்தல் வேண்டும். இயற்கை, செயற்கை என்று பசளைக்குச் சாதி பிரித்துச் சண்டையிடுவதிலும், எவ்வளவு, எப்போது, எதனோடு என்று கேட்கப் பழகுவது நல்லது. அக்கேள்வி தோட்டத்திலே பிறந்தால், அதன் விடை பிள்ளையின் தட்டிலே விளையும்.